இடம் வலம் பார்க்கும் விசை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நேற்று முன்தினம் கோச்சடை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் சோதனை முடிந்துவிட்டது. நியூட்ரான்களை ஒரே திசையில் சுழலவைத்து ஹைட்ரஜனில் பாய்ச்சினோம். தெறித்த கதிர்களை எண்ணினோம். பிறகு சுழற்சியைத் திருப்பிவிட்டு மறுபடி எண்ணினோம். நான்கு வருடம் இதே வேலை. இரண்டுக்கும் வித்தியாசம் பத்துக் கோடியில் மூன்று. இயற்கையின் நான்கு விசைகளில் இடம் வலம் பார்ப்பது அணுக்கருவுக்குள் இருக்கும் பலவீன விசை ஒன்றுதான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

போன லீவில் பாப்பாவின் இடது கையை ரிப்பனால் நாற்காலியோடு கட்டியது அம்மா என்று நினைத்துத்தான் நீ பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அவனியாபுரத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போனாய். கட்டியது நான். பள்ளியில் சேர்க்குமுன் வலது கைக்குப் பழக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

"நாந்தான் கட்டுனேன்னே இருந்துட்டுப் போகட்டும், விடுப்பா" என்றாள் அம்மா, நீ போன அன்று. விட்டுவிட்டேன்.

நேற்று வீடியோ காலில் பாப்பா இடது கையால் படம் வரைந்துகொண்டிருந்தாள். "அப்பாட்ட காட்டு" என்று போனை அவள் பக்கம் திருப்பினாய். என் முகத்தைப் பார்த்ததும் பென்சிலை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். நீ கவனிக்கவில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா