எட்டு விரல்களுக்கு ஒரு டப்பா களிம்பு

அன்பு மகள் மைனாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே அப்பா நலம், வீடு நலம், நானும் என் எட்டு விரல்களைத் தவிர மற்றபடி நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வீட்டில் இப்போது வேறு நினைப்பே கிடையாது. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன திடீரென்று கடிதம் என்று உறையைப் பிரிக்கும்போதே உனக்குப் பகீரென்றிருக்கும். பயப்படாதே. போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பொய்தான் வாயில் வருகிறது. விசா என்னம்மா ஆச்சு என்று நீ கேட்கும்போதெல்லாம், வரும் வரும், ஆபீசில் கூட்டம் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிடுகிறேன். ஒரு மாதமாக இந்த வீட்டில் எத்தனை தடவை பால் பொங்கியது என்று யோசித்திருந்தால் அப்போதே என்னைப் பிடித்திருப்பாய். உனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மனசுக்குக் கஷ்டமான எதையும் சொல்ல வேண்டாம் என்று மாப்பிள்ளை அப்பாவிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். இன்று ஞாயிற்றுக்கிழமை. விசா ஆபீசில் என்னை மறுபடி வரச் சொல்லியிருப்பது வருகிற வியாழக்கிழமை. தபால் உன்னிடம் வந்து சேரப் பத்து நாளாவது ஆகும், அதற்குள் முடிவு என்ன என்று உனக்கே தெரிந்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் உண்மையை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன மாதம் அங்கே போனபோது என் காகிதமெல்லாம் சரியாக இருந்தது, போட்டோ சரியாக இருந்தது, கைரேகை மட்டும் விழவில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டியின் மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். கவுன்ட்டரில் இருந்த தம்பி நல்ல மாதிரி, “நல்லா அழுத்துங்கம்மா, பயப்படாம அழுத்துங்க” என்றார், கண்ணாடியைத் துடைத்தார், ஈரத்துணி கொடுத்தார், கடைசியில் என் விரலை அவரே பிடித்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். சுண்டு விரல் இரண்டுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. மற்ற எட்டுக்கும் சிவப்பு. “உங்களுக்கு ரேகையே இல்லையேம்மா” என்று மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எங்கேயோ திருடிவிட்டு ரேகையை அழித்துக்கொண்டு வந்தவளைப் போல எனக்கு உடம்பு கூசிப்போய்விட்டது. நாலு வாரம் கழித்து இன்னொரு தடவை கூப்பிடுவார்களாம், அப்போதும் விழாவிட்டால் ஃபைல் மேலிடத்துக்குப் போகுமாம், போனால் திரும்பி வர மூன்று மாதமாம். இன்றைய கணக்கில் உன் பிரசவத்துக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. பேருந்தில் திரும்பி வரும்போது அப்பா என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். படிக்காதவர்களைக் கைநாட்டு என்று கேலி பண்ணுவார்களே, ராத்திரிப் பள்ளியில் படித்துக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினவள் நீ, உனக்கு அந்தக் கைநாட்டுகூட வரவில்லையே என்றார். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரேகை எப்படிப் போயிற்று என்றால், குற்றவாளி நானேதான். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் கண்ணாடிக் குழாய்களை இருபத்திரண்டு வருஷமாகக் கழுவுகிறேன். ரப்பர் கையுறை கொடுக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழாயில் மயிரிழை போலக் கீறல் விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அது தெரியாமல் சுழற்றுகிற மெஷினில் வைத்துவிட்டால் உடைந்து ரத்தம் வீணாகும், யாரோ ஒரு குழந்தையை மறுபடி ஊசியால் குத்த வேண்டி வரும். அதனால் முதல் வருஷமே சுண்டு விரலை விட்டுவிட்டு மற்ற எட்டு விரலுக்கும் கையுறையின் நுனியைக் கத்தரித்துக்கொண்டேன். எத்தனை கீறல் கண்டுபிடித்திருக்கிறேன் தெரியுமா, சூப்பர்வைசரே என் விரலுக்குக் கண் இருக்கிறது என்பார், எனக்கும் அதில் ஏகப்பட்ட பெருமை. அந்தக் கண்ணைத்தான் பிளீச்சிங் தண்ணீர் தின்றிருக்கிறது. அது போதாதென்று, வெளிநாட்டுக்காரர்கள் ஆபீசுக்குப் போகிறோமே, கை பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று முதல் நாள் சோப்புப் போட்டுத் தேய்த்து, எலுமிச்சம்பழம் தேய்த்து, குதிகாலுக்குத் தேய்க்கிற கல்லால் விரலையும் தேய்த்துக்கொண்டுதான் போனேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, தோல் டாக்டரிடம் மட்டும் சொன்னேன்.

அந்த டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும், சிரிக்கவே மாட்டார், ஆனால் என் விரலைப் பூப்போலத்தான் பிடித்தார். “தோலுக்கு மேல ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்கற படலம் ஒண்ணு இருக்கும்மா, அதைக் கழுவிக் கழுவியே எடுத்துட்டீங்க. ரேகை அடியில இருக்கு, மேல வெடிச்சு வறண்டு கிடக்கறதால தெரியல. படலம் சேர்ந்தா ரேகை தானா வரும்” என்றார். வியாழக்கிழமைக்குள் வந்துவிடுமா என்று கேட்டேன். வரலாம் என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளாகக் குடும்பம் நடத்துகிறேன். ஒரு டப்பா களிம்பு எழுதிக்கொடுத்தார். வாசனை இல்லை, நிறம் இல்லை, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை நனைத்து, துடைக்காமல் துணியில் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, தூங்கும்போது பருத்திக் கையுறை, சோப்புப் பக்கமே போகக் கூடாது. மாடித் தையல்கார அக்கா மெழுகு தடவு, பாலாடை தடவு என்று ஆளுக்கு முந்தி வைத்தியம் சொன்னாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றையும் செய்யவில்லை. முதல் நாள் தடவினபோது சுரீர் என்றது. கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. இத்தனை வருஷமாக என் விரல்கள் எரிந்துகொண்டே இருந்திருக்கின்றன என்பது, எரிச்சல் நின்ற அன்றைக்குத்தான் மைனா எனக்குத் தெரிந்தது.

சமையல், பாத்திரம், துணி எல்லாம் இப்போது அப்பாதான். ஒரு தம்ளரைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் செலவழிக்கிறார், கழுவினதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டிப் பாராட்டு வாங்காமல் போவதில்லை. நான் ராணி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், ராணிக்கு உட்காரவே பிடிக்கவில்லை என்பதுதான் கஷ்டம். அப்பா தான் வேலை பார்க்கிற கிடங்கிலிருந்து ரசீதுக்கு முத்திரை குத்துகிற மைப்பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, தினமும் காலையில் என் கட்டை விரலைப் பழைய டைரியில் தேதி போட்டுப் பதித்து, பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியால் பார்த்தார். பார்த்துவிட்டுத் தினமும் ஒரே பேச்சு, “நேத்தைக்கு இன்னிக்கு நல்லாவே தெரியுது.” நான் பார்த்தால் வெறும் நீல அப்பம். உன் அப்பாவைத் தெரியுமே, கூரை ஒழுகினால்கூட வெளியே மழை குறைந்துவிட்டது என்று சொல்கிற ஆள். இரண்டாவது தடவை போனபோது டாக்டர் விரல் இடுக்கில் நீல மையைப் பார்த்துவிட்டார். மையை எதை வைத்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார். சோப்பும் நாரும் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். “புண்ணு ஆறிடுச்சான்னு தினமும் பொருக்கைப் பிய்ச்சுப் பார்த்தா எப்படி ஆறும்” என்று இரண்டு பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது. பார்க்கவே கூடாது, அவ்வளவு அவசரமானால் ஒரு தடவை மட்டும், அதையும் களிம்பாலேயே துடைத்தெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். களிம்பு தடவுவது சுலபம்தான் மைனா. பார்க்காமல் இருப்பதுதான் என்னால் முடியவில்லை.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் பண்ணினேன், அது அப்பாவுக்குத் தெரியாது. போன வாரம் லீவு நீட்டிக்கக் கையெழுத்துப் போடப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். என் இடத்தில் புதிதாக வந்திருக்கிற பெண் நுனி வெட்டாத கையுறையோடு, ஒரு தட்டு நிறையக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் போட்டிருந்த துணிக் கையுறையை எப்போது கழற்றினேன், எப்போது தட்டை இழுத்தேன், சத்தியமாக எனக்குத் தெரியாது. ஏழாவது குழாயில் கீறல். அதைத் தனியே வைத்துவிட்டு, மற்றதையும் ஒரு தடவை அலசிவிடலாமே என்று பழக்க தோஷத்தில் தொட்டிக்குள் கையை விட்டுவிட்டேன். எரிந்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று நினைவு வந்தது. மறுநாள் இரண்டு விரல் நுனியும் உரிந்து போயிற்று. ஒன்பது நாள் தடவினது ஒரே நிமிஷத்தில் போய்விட்டதே என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு அழுத கையோடு களிம்பையும் தடவிக்கொண்டேன், ஈரம் காய்வதற்குள் தடவச் சொல்லியிருக்கிறாரே.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று நீ நினைக்கலாம், மாமியார் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்பாய். போன தடவை உனக்கு ஐந்தாம் மாதம் அப்படிக் கலைந்துபோனபோது, நீ மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகக் கிடந்தாய். நீ போனில், சிரமப்பட்டு வராதேம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன் என்றாய். நான் அதை நம்பினேன். நம்பினேன் என்றுகூடச் சொல்லக் கூடாது, நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. லீவு கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய், நான் கேட்கவே இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு வருஷமாகத் தொண்டையிலேயே வைத்திருந்தேன். போன புதன்கிழமை நீ மறுபடி அதே குரலில், முடியலைன்னா விடும்மா, நாங்க பாத்துக்கறோம் என்றாய். இந்தத் தடவை நான் நம்பவில்லை. அதனால், நான் அங்கே வராமல் இந்தக் கடிதம் மட்டும் வந்திருந்தால், அம்மா வர நினைக்கவில்லை என்று மட்டும் ஒரு நாளும் நினைத்துவிடாதே. லீவு கேட்டுவிட்டேன், பெட்டி கட்டிவிட்டேன், குட்டிக்குத் தைத்த துணியெல்லாம் துவைத்து மடித்து மேலேயே வைத்திருக்கிறது. விரல் மட்டும்தான் பாக்கி.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். கால் வீங்கினால் தலையணை மேல் தூக்கி வைத்துப் படு, துணி வாளியைத் தூக்காதே, மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டேன் என்று மாப்பிள்ளையிடம் என்னைப் போலப் பொய் சொல்லாதே. பாத்திரம் கழுவும்போது கையுறை போட்டுக்கொள், முழுக் கையுறை, நுனியை வெட்டாதே. அந்த ஊர்க் குளிருக்கு உன் கையும் வெடிக்கும், வாசனை இல்லாத களிம்பாக வாங்கி ஈரத்தோடு தடவு. பிறக்கப்போகிற குட்டியின் தோல் இன்னும் மெலிசு, வாசனைச் சோப்பு எதையும் கிட்டே கொண்டு போகாதே. நீயும் குட்டியும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு கையையும் உன் தலைமேல் வைத்த மாதிரி நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேரன் பேத்தி எதுவானாலும் எனக்குச் சந்தோஷம்தான் என்று அப்பா எழுதச் சொன்னார், நான் உனக்கு எழுதுவது அவருக்குத் தெரிந்துவிட்டது, எதை எழுதுகிறேன் என்று தெரியாது. வியாழக்கிழமை ராத்திரி நான் போன் பண்ணும்போது பால் பொங்குகிறது என்று சொல்லியிருந்தால், அது ஏன் என்று இப்போது புரிந்துகொள்.

டாக்டர் கொடுத்த அந்த ஒரு தடவையை இந்தக் காகிதத்துக்குத்தான் வைத்திருந்தேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் வலது கட்டை விரலைக் கண்ணை மூடிக்கொண்டு பதித்து, அப்படியே மடித்துவிடப் போகிறேன். நான் பார்க்க மாட்டேன், அப்பாவையும் பார்க்க விட மாட்டேன். நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார். கோடு தெரிந்தால் நல்லது. கோடு இல்லாமல் வெறும் மைதான் இருந்தால், அதன் மேல் உன் விரலைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள். அம்மா விரல் அங்கேதான் இருந்தது.

உன்னிடம் வந்து சேரத் துடிக்கும்
உன் அம்மா