பெரிய செட்டும் என் டேப்பும்

அக். 21, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை. பட்டுக்கோட்டையில் ரெக்கார்டிங் சென்டரை மூடுகிறார்கள் என்று கேள்வி. மகள் ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

காலேஜ் நாளில் நோட்டுத்தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடந்த கடை. இனி செல்போன் ரீசார்ஜ் மட்டும். மிச்ச கேசட் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில். "அள்ளிட்டுப் போங்கம்மா. பழைய இரும்புக்காரனே வேணாங்கறான்" என்றார் கடைக்காரர். பாதி, யாரும் வந்து வாங்காதவை. பதியக் கொடுத்துவிட்டு வெளிநாடு போனவர்கள். ஒன்றின் மேல் பச்சை மையில்: "செல்வராசு. மஸ்கட் கிளம்புறதுக்குள்ள வேணும்." கிளம்பிவிட்டார் போல.

மாமனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என் மவன் சிங்கப்பூர்லேர்ந்து அம்மாம் பெரிய பாட்டு செட்டு அனுப்பிருக்கான். நீ குப்பையச் சொமந்துட்டு வர்றியே தாயி."

நாத்தனார் ரோசி: "என்னப் பொண்ணு பாக்க வர்றவங்க நம்ம வீட்ட பழைய பேப்பர் கடைன்னு நெனச்சிக்கப் போறாங்க அண்ணி."

பெட்டி இப்போது என் கட்டிலுக்கு அடியில். அதை எடுக்க வேண்டுமென்றால் என்னையும் கட்டிலையும் சேர்த்து எடுக்கட்டும்.

அக். 24, வெள்ளி

கொஞ்சம் வெயில். கேசட் வேலை.
- பூஞ்சை பிடித்தவை: தனியாக. வெயில் வேண்டாம், காற்றாட மட்டும்.
- நாடா சிக்கியவை: பென்சில் விட்டுச் சுற்ற வேண்டும்.
- என் டேப்பின் ஹெட் துடைக்க ஸ்பிரிட், பஞ்சு. (ஜெனி கைக்கு எட்டாமல்!)

ஒன்று அருமையாகப் பாடியது. ஒரே குரல், பின்னால் வயலின், அதற்கும் பின்னால் நாடாவின் சன்னமான இரைச்சல். ஜெனியை மடியில் வைத்துக்கொண்டு போட்டேன். நெளிந்தாள், இறங்கினாள், கூடத்துக்கு ஓடிவிட்டாள். அங்கே மாமா தெருவே அதிரப் பெரிய செட்டைப் போட்டிருந்தார். தரையில் இருக்கும், கனத்த சத்தத்துக்கான வூஃபர் பெட்டி மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, மோவாயையும் வைத்து, குதிகுதியென்று குதிக்கிறாள்.

"பாத்தியா? தாளம் என் பேத்திக்கு ரத்தத்துலயே ஊறிருக்கு!"

"அண்ணி ரசனை அவங்க மவளுக்கே புடிக்கல" என்றாள் ரோசி.

முகம் சுருங்கிவிட்டது எனக்கு. மூன்று வயதுகூட ஆகாத பிள்ளையிடம் கோபம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை அவளுக்கு. 'அம்மா'கூட. "ஒம் புருசனும் லேட்டாத்தான் பேசுனான்" என்பார் மாமா. இருக்கும். இருக்க வேண்டும்.

அக். 28, செவ்வாய்

மாமா வயலுக்கு. ரோசி தையல் வகுப்புக்கு. வீட்டில் நாங்கள் இருவர்தான். இன்று ஜெயித்துவிடுவது என்று முடிவு. என் டேப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பெரிய செட்டில் சொருகி, அவள் விட்டு ஓடின அதே கேசட்டில் மேளம் வருகிற பாட்டாகப் பார்த்துப் போட்டேன்.

ஓடி வந்தாள்! வூஃபரில் கை வைத்தாள், குதித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நடுவில் மேளம் நின்று, புல்லாங்குழலும் குரலும் மட்டும். ஜெனி கையை எடுத்தாள். பெட்டியைப் பார்த்தாள். கரண்ட் போய்விட்டது போல அதைத் தட்டினாள். பிறகு நகர்ந்து போய், கேசட் அட்டைகளை வரிசையாக அடுக்க உட்கார்ந்துவிட்டாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

வூஃபர் வயரைப் பிடுங்கினேன். மற்ற இரண்டு பெட்டியிலும் சத்தத்தை முழுசாக வைத்தேன். அவள் முதுகுக்குப் பின்னால்தான். திரும்பவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா "என்னாச்சு, யாருக்கு என்னாச்சு" என்று வேலியைத் தாண்டி ஓடி வந்துவிட்டார்.

ஜெனி ஒரு சிவப்பு அட்டைக்குப் பக்கத்தில் நீல அட்டையை வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பாட்டைக் கேட்டதே இல்லை. தொட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அக். 29, புதன்

சொல்லிவிட்டேன், சாப்பாட்டின்போது.

மாமா: "புள்ள ஆடுதே?"

"அதிர்றதுக்கு ஆடுறா மாமா. காதுல விழல."

"காலேஜ் படிச்சா இப்படித்தான். ஒண்ணுமில்லாததையெல்லாம் நோண்டுறது."

சோற்றைப் பிசைந்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ரோசி நிச்சயம் முடியட்டும் தாயி. அம்மா இல்லாத பொண்ணு. குடும்பத்துல செவிடு இருக்குன்னு தெரிஞ்சா எவன் வருவான்? நான் வேளாங்கண்ணிக்கு நேந்துக்கறேன்."

"நேந்துக்கங்க மாமா. நான் டாக்டரையும் பாக்கறேன்."

ரோசி தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "உங்க கேசட்டு புடிக்கலன்னதும் புள்ளையவே செவிடாக்கிட்டீங்கள்ல?"

பாத்திரம் கழுவும்போதுதான் பத்துப் பதில் வந்தது.

நவ. 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். கல்லறையில் மெழுகுவர்த்தி எதுவும் நிற்கவில்லை, அப்படிக் காற்று. அத்தை கல்லறை முன்னால் ரோசி அழுதாள். கையைப் பிடித்தேன். உதறவில்லை.

மாலை சிங்கப்பூரிலிருந்து அவர் போன். விவரம் சொன்னேன்.

"ரோசி விசயம் முடியட்டுமே. நான் லீவுல வந்து பாக்கறேன்."

"எப்ப வருவீங்க?"

"அடுத்த வருசம்."

"அதுவரைக்கும் உங்க மவ வளராம நிப்பாளா?"

"சரி, அப்பாவுக்குத் தெரியாமப் போயிட்டு வா."

"சொல்லிட்டுத்தான் போவேன்."

நவ. 6, வியாழன்

தஞ்சாவூர். "மாமா, டாக்டர்கிட்ட போறோம்." அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

தூங்க மருந்து கொடுத்தார்கள். தூங்கினதும் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, திரையில் கோடுகள். நான் ஹெட்போன் மாட்டாத நாள் கிடையாது. அதை அவள் தலையில் பார்க்க முடியவில்லை.

இரண்டு காதும். கனத்த சத்தம் கொஞ்சம் விழலாம், மற்றது இல்லை. காது மெஷின் வைக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது, முகத்துக்கு நேராக, கிட்டத்தில், ஓயாமல் பேச வேண்டும். டாக்டரம்மா, "எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். பாட்டு போட்டு என்றேன்.

பஸ்ஸில் ஒரத்தநாடு வரை அழுகை. அதற்குமேல் முடியவில்லை, ஜெனிக்குப் பசி. பன் வாங்கினேன்.

நவ. 14, வெள்ளி

மெஷின் வந்துவிட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நெஞ்சில் மாட்டி, அங்கிருந்து இரண்டு காதுக்கும் வயர். போட்டதும் ஜெனி அலறிவிட்டாள். பயம். பிடுங்கினாள். மாட்டினேன். பிடுங்கினாள். மாட்டினேன். அவளுக்கு வலிக்கிறதா, அதிர்ச்சியா, யாரைக் கேட்பது?

மாமா தள்ளி நின்று பார்த்துவிட்டு: "உள்சட்டைக்குள்ள பை தச்சுடு. வெளிய தெரியாது."

உள்ளே வைத்தால் துணி உரசும், அந்தக் கரகரப்புதான் அவளுக்குக் கேட்கும், பேச்சு கேட்காது. டாக்டரம்மா சொன்னார். எல்லாச் சட்டைக்கும் முன்பக்கம் வெளியே பை வைத்தாயிற்று. வெள்ளைச் சட்டைக்குச் சிவப்புப் பை. இருந்த துணி அதுதான். இல்லை, பொய். வெள்ளையும் இருந்தது.

ரோசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரே ஒரு நாள் அண்ணி. ஞாயித்துக்கெழம அவங்க வந்துட்டுப் போறவரைக்கும். கழட்டி வைங்க. கால்ல வேணா விழறேன்."

"முடியாது ரோசி. இன்னிக்கு ஒளிச்சா கல்யாணத்தன்னிக்கும் ஒளிக்கணும். அதுக்கப்புறமும்."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுல்ல. பேசுவீங்க."

அது உண்மை. பையைப் பிரிக்கவில்லை.

நவ. 16, ஞாயிறு

மழை விடவில்லை. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காபி. மாப்பிள்ளையின் அம்மா, அண்ணன், பெரியப்பா. ஜெனி வெள்ளைச் சட்டையில்.

அந்தம்மா அவளைக் கிட்ட இழுத்தார். "பாப்பா சட்டையில என்னது இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சிரித்துக்கொண்டே, "வாக்மேனுங்க. எங்க மருமவளுக்குப் பாட்டுப் பைத்தியம். புள்ளைக்கும் மாட்டி வுட்டுருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். "என்ன பாட்டு ஓடுது?" என்றார் அண்ணன்காரர்.

"பாட்டு இல்லைங்க" என்றேன். "காது மெஷின். என் மவளுக்குக் காது கேக்காது."

காபித் தட்டோடு ரோசி நிலைப்படியில்.

"பொறந்ததுலேர்ந்தா?" என்றார் அந்தம்மா.

"அப்படித்தான் சொல்றாங்க."

"ரெண்டு காதுமா?"

"ரெண்டும்."

"இத மாட்டுனா பேச்சு வருமா?"

"வர வைப்பேன்."

அந்தம்மா ஜெனியின் சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பார்த்தார். காபி குடித்தார்கள். பங்குச் சாமியாரை விசாரித்தார்கள். "தகவல் சொல்லி அனுப்பறோம்" என்று குடையை விரித்தார்கள். அதற்கு இரண்டு அர்த்தமும் உண்டு.

ரோசி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா முற்றத்தைப் பார்த்தபடியே, "திருப்திதான?" என்றார்.

"இல்ல மாமா. ஆனா கழட்ட மாட்டேன்."

ரோசி சாப்பிட வரவில்லை. தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வந்தேன். மெஷினில் பென்சில் செல் இறங்கிவிட்டது. காலையில் முதல் வேலை அதுதான்.