அளவு சரி

அன்பு மதினி செண்பகத்துக்கு,

நீ போய் எட்டு வருஷமாகிறது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. உன்மேல் மட்டுமா? சொல்கிறேன், கேள்.

நான் இப்போது போடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். போன வாரம் பேச்சி என்று ஒரு அம்மாள் மகளைச் சேர்க்க வந்திருந்தாள். போடிமெட்டுப் பக்கம் நீ டிஸ்பென்சரியில் வேலை பார்த்த அதே ஏலத்தோட்டம், கூலி ஜனம் குடியிருக்கும் அதே லயம். இவளுக்கு மூத்தது உண்டா என்று கேட்டேன். "மூத்தவ அந்த வருசக் காலராவுல போயிட்டா டீச்சர். டிஸ்பென்சரியம்மா தண்ணிக்கு மருந்தக் கொறச்சுப் போட்டுருச்சு" என்றாள். மழை பெய்தது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். நான் குனிந்து பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

மருந்தைக் குறைத்துப் போட்டாயாம். இந்தக் கதையை முதலில் கட்டிவிட்டது உங்கள் மேனேஜர். மலையில் கனமழை, தொட்டித் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கிக் கிடக்கிறது, தெளியவைக்கப் படிகாரம் வேண்டும் என்று அவரிடம்தானே கேட்டாய்? ஏலச்செடி அழுகலுக்கு மயில்துத்தத்தோடு கலந்து அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்துப் போடச் சொன்னார். ரெண்டும் வெள்ளைதானே என்றாராம். அந்தத் தண்ணீரில்தான் நீ ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்தாய்.

உனக்குப் புத்தி எங்கே போயிற்று? மதுரையில் பி.எஸ்சி. படிக்கும்போது, பி.எச்.சும் பி.கே.ஏ.வும் எனக்கு மண்டையில் ஏறாமல் அழுதபோது சொல்லிக்கொடுத்தவளே நீதானே. "பி.எச்.சுங்கறது தண்ணியோட குணம்டி. பி.கே.ஏ.ங்கறது அமிலத்தோட வீம்பு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் யாரு ஜெயிப்பான்னு தெரியும்" என்றாய். அந்த வீம்பைச் சொல்லித்தான் நான் இன்றும் பாடம் நடத்துகிறேன்.

ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரைந்து தரும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் பி.கே.ஏ. ஏழரை. தண்ணீரின் பி.எச்.சும் ஏழரையாக இருந்தால் அமிலத்தில் பாதி முழுசாக இருக்கும், பாதி தன் ஹைட்ரஜனைத் தொலைத்திருக்கும். முழுசாக இருப்பதுதான் கிருமியை நன்றாகக் கொல்லும். தொலைத்தது தண்ணீரில் இருக்கும், சோலிக்கு ஆகாது. சுண்ணாம்பு விழுந்தால் பி.எச். ஏறும் என்று நமக்கா தெரியாது?

நீ செத்து, கேதத்துக்கு நான் மேலே வந்த அன்று, மனசு கேட்காமல், கல்லூரியிலிருந்து எடுத்துவந்த பி.எச். தாளைத் தொட்டியில் நனைத்தேன். ஒன்பது. அப்படியென்றால் நூற்றில் மூன்று பங்குதான் முழுசாக மிஞ்சும். பக்கத்தில் நின்ற கங்காணி, மருந்து வாசனை வந்ததே அம்மா என்றார். வந்திருக்கும்.

அந்த வாசனைக்குத்தானே லயத்து ஜனம் குடிக்க மாட்டேன் என்றது? நீ தொட்டிப் படியில் ஏறி நின்று, எல்லாரும் பார்க்க ஒரு சொம்பு குடித்துக் காட்டினாயாம். பிறகுதான் அவர்களும் குடித்தார்களாம். பேச்சியின் மகளும். உனக்கும் காலரா கண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து, உன்னை ஆஸ்பத்திரிக்கு இறக்க வந்த ஜீப்பு கொண்டையூசி வளைவில் நின்றுபோனது. உன்னை யாரடி குடித்துக் காட்டச் சொன்னது?

இதுவரை எழுதியது எல்லாம் சுலபம், மதினி. இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பவுடர் போடுவதற்கு முன்னால் நீ ஜீப்பு டிரைவரிடம், கீழே போடி வீட்டில் இருந்த எனக்கு ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தாய். தொட்டியின் நீள அகலம், பவுடரின் எடை, இது போதுமா என்ற கேள்வி. கடைசி வரியில், "படிகாரம் இல்லை, சுண்ணாம்பு போட்டிருக்கிறது." வாசலில் டிரைவர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தினார். நான் பெருக்கி வகுத்துப் பார்த்து, அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே இரண்டு வார்த்தை எழுதிக் கொடுத்தேன். அளவு சரி. கடைசி வரியையும் படித்தேன். படித்தும் உறைக்கவில்லை.

அந்தச் சீட்டு உன் கைப்பையில் இருந்தது என்று உன் அப்பா, மாமாதான் என்னிடம் கொடுத்தார். நீ மருந்தைக் குறைக்கவில்லை என்பதற்கு உலகத்தில் அது ஒன்றுதான் சாட்சி. அதை வெளியே எடுத்தால் என் கையெழுத்தும் வெளியே வரும். அதனால் எட்டு வருஷமாகப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். உன் பேரில் பழி கிடக்க, நான் வகுப்பில் உன் வீம்புக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். இப்போது சொல், என் கோபம் யார்மேல்?

ஞாயிற்றுக்கிழமை முதல் ஜீப்பில் மேலே வருகிறேன். அந்தத் தொட்டிப் படியில் நின்று, மேனேஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சீட்டின் இரண்டு பக்கத்தையும் லயத்து ஜனத்துக்குப் படித்துக் காட்டுவேன். முதலில் பேச்சியின் வீட்டுக்குப் போவேன். உங்கள் டிஸ்பென்சரியம்மா போட்ட அளவு சரி, அதைச் சரி என்று எழுதிய நான்தான் தப்பு என்று சொல்வேன். அவள் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

உன் அத்தை மகள்,
ராஜாமணி