முன்னறையில் அப்பாவின் கட்டில்

மோர்னிங்சைட்,
ஞாயிறு, பூசைக்குப் பின்.

அன்பு மகன் றொய்சனுக்கு,

மாதாவின் துணையால் நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம். நீயும் மெலிசாவும் கல்கரிக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் இடையில் வெட்டிப் பேசுவாய், அதனால்தான் கடிதம். தமிழ் வாசிக்க வராது என்று சாட்டுச் சொல்லாதே. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னைப் பனிக்குள் இழுத்துக்கொண்டு போனவள் நான்.

அப்பாவை நேர்சிங் ஹோமில் விடுவது, வீட்டை விற்பது, நான் உன்னிடம் வந்துவிடுவது. இது உன் யோசனை. நான் பேசாமல் இருந்தேன். அதை நீ ஓம், சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வீடு விற்கிற உன் சிநேகிதன் கிளிபோட்டை அனுப்பிவிட்டாய். வெள்ளிக்கிழமை படமெடுக்க ஆள் வரும் என்றான்.

விற்கிறதோ இல்லையோ, படத்தில் என் வீடு ஊத்தையாகத் தெரியக் கூடாது. மீன் பொரித்த மணம் போக ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். படத்தில் மணம் வருமா என்று கேட்காதே. சப்பாத்துகளை ஒளித்தேன். கறிவேப்பிலைக் கன்று நிற்கிற சாடியைக் கராஜுக்குள் தள்ளினேன். ஆண்டவரின் திருஇருதயப் படத்தை மட்டும் கழற்றவில்லை. அவரைக் கண்டு பயப்படுகிறவன் இந்த வீட்டை வாங்கவும் வேண்டாம்.

படமெடுக்க ஆள் வருகிறதென்றால் எங்கள் சனம் என்ன செய்யும்? குளித்து உடுத்தும். அப்பாவுக்குச் சவரம் எடுத்து, உன் கலியாணத்துக்குப் போட்ட முழுக்கைச் சேட்டைப் போட்டு, பவுடர் பூசி, முன்னறைக் கட்டிலில் தலையணைகளை முண்டுகொடுத்து இருத்தினேன். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு அவரை இவ்வளவு வடிவாக நான் பார்த்ததில்லை. நானும் நீலக் காஞ்சிபுரத்தை உடுத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

உள்ளே வந்த கிளிபோட்டின் முகம் செத்துப்போனது. ஆட்கள் படத்தில் வரக் கூடாதாம். கட்டிலும் சக்கர நாற்காலியும்கூட வரக் கூடாதாம். படுத்த படுக்கையாய் ஒரு வருத்தக்காரன் இருக்கிற வீடு என்று தெரிந்தால் விலை இறங்குமாம். "அன்ரி, அங்கிளை கொஞ்ச நேரம் கராஜுக்குள்ள இருத்துவமே? ஹீற்றர் போட்டுவிடுறன்" என்று கேட்டான்.

கராஜுக்குள், றொய்சன். கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடி இந்த வீட்டை வாங்கிய மனிசனை, அவருடைய வீட்டிலேயே ஒளித்து வைப்பதா? "எடுக்கிறதெண்டால் இவரோட எடு. இல்லையெண்டால் வாசல் அங்க இருக்கு" என்றேன். அவன் உனக்குப் போன் எடுக்க வெளியே போனான். உன்னிடம் என்ன சொன்னானோ, மிச்சத்தை என்னிடம் கேள்.

அவனோடு வந்த கமெராக்காரர் பிலிப்பைன்ஸ்காரர், உன் வயது இருக்கும். திருஇருதயப் படத்தைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து அப்பாவின் கொலரைச் சரிசெய்தார். அப்பா அந்தக் கையை இறுக்கிப் பிடித்து, "றொய்சன்" என்றார். மாதக்கணக்காக ஒரு சொல்லும் தெளிவாக வராத வாய் அது. நான் திருத்தவில்லை. கமெராக்காரரும் கையை இழுக்கவில்லை. எங்கள் இருவரையும் ஒரு படம் எடுத்துவிட்டு, வீட்டை எடுக்காமலே போய்விட்டார். படத்தை நேற்றுக் கொண்டுவந்து தந்தார்.

நீ கோபிப்பாய். கோபி. வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது, நான் கையெழுத்து வைக்க மாட்டேன். அவரைத் தனியே பார்க்க எனக்கு முடியுமா என்று நீ கேட்கலாம். சில நாட்களில் முடியவில்லைதான். அதற்கு வழி உதவிக்கு ஆள் பிடிப்பது, ஆளை அப்புறப்படுத்துவதல்ல. கறிவேப்பிலையையும் கராஜிலிருந்து உள்ளே எடுத்துவிட்டேன். குளிரில் இரண்டு கொப்பு கருகிவிட்டது, மிச்சம் தப்பும்.

அந்தப் படத்தை இதனுள் வைத்திருக்கிறேன். உன் வீட்டு முன்னறையில், வருகிறவர்கள் எல்லோரும் காணும்படி மாட்டு.

ஆண்டவர் உன்னையும் மெலிசாவையும் காக்கட்டும். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நீ வந்து இருக்க ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை அவர் உன் பெயரைச் சொல்லும்போது, அவர் பிடிக்கிற கை உன்னுடையதாக இருக்கட்டும், ராசா.

உன்னைப் பெற்றவள்,
ஜோசப்பின்