வீதிக்கு இந்தப் பக்கம்

லூனபுர்க் அருகே,
27.05.2006

அன்புள்ள கௌரிக்கு,

உமக்கு முழங்கால் வலி குறைந்ததா? தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைத் தூக்கி எறிந்தாலும் பிறகு எடுத்துப் படிக்கலாம்.

நேற்று விதைத்தேன். புக்வைற்சன் என்று ஜேர்மன்காரர் சொல்லும் ஒரு தானியம், இந்த மணலிலும் நாலைந்து நாளில் முளைத்துவிடும். மனிதர்களுக்கில்லை, மான்களுக்கு. எதிர்ப்பக்க வயலில் மேயத்தான் அவை காட்டிலிருந்து வீதியைக் கடக்கின்றனவாம். காட்டோரமே தீனி இருந்தால் கடக்கத் தேவையில்லை என்று இங்குள்ள வேட்டைக்காரர் சொன்னார். பண்ணை முதலாளியிடம் கேட்டேன், ஒரு துண்டு நிலம் தந்தார். எங்கள் கிருஷாந்தின் கார் மோதிய மரத்தடியில் நின்றால் அது தெரியும்.

இனி யாருடைய பிள்ளையும் அந்த வீதியில் சாகக் கூடாது.

உம்முடைய,
இராசலிங்கம்

---

கெல்சென்கிர்ச்சன்,
11.06.2006

கிருஷாந்தின் அப்பாவுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

இங்கே உலகக் கிண்ணப் பந்தாட்டம், தெரு முழுக்கக் கொடி. கிருஷாந்தின் கூட்டாளிகள் வந்து, "அன்ரி, அவன்ரை கொடியைத் தாறீங்களோ, நாங்கள் கொண்டுபோறம்" என்று கேட்டார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவனுடைய அறையைத் திறந்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நீங்களோ மானுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

மானை இடிக்கக் கூடாது என்று காரைத் திருப்பித்தானே என் பிள்ளை செத்தான். இடித்திருக்கலாமே என்று தினமும் நினைக்கிறேன். "அப்பா களைச்சுப்போனாராம், நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். வரச்சொல்லிக் கேட்டது நீங்கள்.

வருஷம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். எனக்குக் கோபம்தான். கோபத்தோடும் ஒரே வீட்டில் இருக்கலாம். தனிய இருக்க ஏலாது.

சிவகௌரி

---

லூனபுர்க் அருகே,
16.07.2006

அன்புள்ள கௌரிக்கு,

ஓம், கேட்டது நான்தான். அன்று உருளைக்கிழங்கு அள்ளி முதுகு நிமிரவில்லை. "தம்பி, வாறியோ" என்று கேட்டேன். இத்தனை மாதம் நீர் வாயால் சொல்லாததை எழுதிவிட்டீர். எழுதியது நல்லது.

புக்வைற்சன் பூத்துவிட்டது. சிவந்த தண்டு, வெள்ளைப் பூ. பின்னேரங்களில் மூன்று மான்கள் வருகின்றன. ஒன்றுகூட வீதிப்பக்கம் போகவில்லை.

இப்போது வர முடியாது. உறைபனி பட்டால் இது கருகிவிடும், அதற்குமுன் குளிர்காலத்துக்கு வேறு ஏதாவது விதைக்க வேண்டும். உமது முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை என்பதும் உண்மைதான். நீர் ஒருநாள் வந்து பாரும். மேல்மாடிப் புவனேந்திரன் அண்ணை காரில் கூட்டிவருவார்.

இராசலிங்கம்

---

கெல்சென்கிர்ச்சன்,
24.09.2006

கிருஷாந்தின் அப்பாவுக்கு,

நேற்று அங்கே வந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. புவனேந்திரன் அண்ணையைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அந்த மரத்தடியில் நின்றேன். ஒரு மான் குட்டியோடு மேய்ந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது, கல்லெடுத்து எறிந்தேன். எறிந்த பிறகுதான் அது வீதிக்கு ஓடிவந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்தது. வரவில்லை. குட்டியோடு காட்டுக்குள் ஓடிப்போனது.

நீங்கள் செய்தது சரி. யாரோ ஒருத்தியின் பிள்ளை இனிப் பத்திரமாக வீடு போய்ச் சேரும். திரும்பி வந்த வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. இதைப் போன வருஷமே விதைத்திருந்தால்? பதினொரு வருஷமாக அங்கே வேலை செய்தீர்கள். அதே வீதி, அதே மான்கள். கேட்டிருந்தால் முதலாளி அப்போதும் நிலம் தந்திருப்பார். இது நியாயமில்லாத கோபம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. கோபத்தோடும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று எழுதினேன். என்னால் ஏலாது.

உங்கள் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

திவசம் ஒக்டோபர் பதினைந்து. பதினொரு மணிக்குப் படைப்போம். வாருங்கள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

சிவகௌரி