வறுத்த ராகி

சென்னை, 8-1-1943

அன்புள்ள சின்னக்கண்ணுவுக்கு,

நான் சுகம். நீயும் நம் பாப்பாவும் சுகந்தானா? அரியூரில் பனி அதிகமா?

நான் வேலை பார்க்கும் காலேஜ் சோதனைச்சாலைக்கு, கஞ்சியைச் சர்க்கரையாக்கும் சீமைத் தூள் யுத்தத்தால் வரவில்லை. முளைகட்டிய ராகியிலும் அந்தச் சத்து உண்டென்றார் வாத்தியார். நீ முளைகட்டி அரைத்துக் கொடுத்தனுப்பிய ராகி மாவைப் பெருமையாக நீட்டினேன். கஞ்சியில் கலந்து அயோடின் விட்டார்கள். சர்க்கரையாகியிருந்தால் நீலம் வந்திருக்காது. கஞ்சி நீலமாகவே நின்றது. மாணவர்கள் சிரித்தார்கள். "வறுத்த மாவா? சூட்டில் அந்தச் சத்து செத்துவிடுமே" என்றார் வாத்தியார்.

"வறுக்காட்டி பூச்சி புடிச்சுருமுங்க" என்று நீ சொன்னது நினைவு வந்தது. உன்மேல் தப்பில்லை.

இந்தத் தடவை வறுக்காமல், வெயிலில் மட்டும் காயவைத்து அரைத்த மாவு ஒரு படி, அருணாசலம் மாமா வரும்போது கொடுத்தனுப்பு.

மணி அடிக்கிறது. வறுத்ததிலும் ஒரு பொட்டலம் வை. அது சோதனைக்கு இல்லை. சோதனையில் மீந்த மாவுப் பொட்டலத்தைத் தினமும் பிரித்து முகர்கிறேன்; வீட்டு வாசனை குறைந்துகொண்டே வருகிறது.

அர்த்தனாரி