பாங்கில் விட்டுப்போன வரி

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மேகமலைப் பக்கம் ஒரே வெள்ளை. மழை விட்டால்தான் திராட்சைத் தோட்டக்காரர்கள் மருந்தடிக்க ஸ்பிரேயர் தேடி ஓடி வருவார்கள். அதுவரை என் ஸ்பிரேயர், மோட்டார் ஸ்பேர் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி குடையோடு வந்தார். பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினாரின் தாயார் தேவதானப்பட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடியாம். மோதினார் மத்தியானமே பஸ் ஏறிவிட்டார்.

"ஜமாலு, சுபுஹு பாங்குக்குத்தான் ஆளு இல்ல. மத்த நாலு வக்துக்கு ஹஜ்ரத்தே பாத்துக்கிறேன்னுட்டாக. காலையில அவுகளுக்குத் தொண்டை கட்டிக்கிருது. நீ மதரஸாவுல பாங்கு சொல்லி டம்ளர் பரிசு வாங்குனவன்ல?"

வாங்கியது உண்மை. அந்த டம்ளரில்தான் என் வீட்டுக்காரி சபுரா இப்போது அரிசி அளக்கிறாள்.

போன ரமலான் முடிந்ததிலிருந்து நான் விடியற்காலைத் தொழுகையான சுபுஹுக்குப் பள்ளிப் பக்கமே போகவில்லை. வீட்டிலும் தொழவில்லை. இது முத்தவல்லிக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் அவரும் வருவதில்லை போல. முடியாது என்றால் ஏன் என்பார். ஏன் என்றால் சொல்ல வேண்டும். "சரி மாமு" என்றுவிட்டேன். வெட்கத்துக்குப் பயந்து பாங்கு சொல்ல ஒத்துக்கொண்டவன் இந்த உத்தமபாளையத்திலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

போனில் அடுத்தடுத்து மூன்று அலாரம். மகள் நஸ்ரின் வைத்துக் கொடுத்தாள்.

"ஒன்னு போதாதா அத்தா?"

"மோட்டாருக்கே ஃபியூஸ் ஒன்னோட நிறுத்துறதில்ல தாயி."

வாங்க வேண்டியது: இருமல் மருந்து, கருப்பட்டி, பால்பாயிண்ட் பேனா.

நவம்பர் 5, புதன்

எழுந்துவிட்டேன். முதல் அலாரத்திலேயே. பயம் நல்ல அலாரம்.

கை, முகம், கால் கழுவி ஒளு செய்தேன், தண்ணீர் சில்லிட்டது. மைக்கைத் தட்டி, ஊதி, தொண்டையைச் செருமினேன். குரல் மோசமில்லை, டம்ளர் வாங்கிய குரல்தானே. "ஹய்ய அலல் ஃபலாஹ்" வரை இழுத்துச் சொல்லி, நேரே "அல்லாஹு அக்பர்" தக்பீருக்குப் போய், முடித்து, மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினால், தொழ வைக்கும் ஹஜ்ரத் நிற்கிறார்.

"ஜமால் பாய், அஸ்ஸலாத்து ஹைரும் மினன் நவ்ம்?"

சுபுஹு பாங்குக்கென்றே இருக்கும் வரி. உறக்கத்தைவிடத் தொழுகை மேல். இரண்டு தடவை சொல்ல வேண்டும். நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னேன்.

"அது இல்லாட்டியும் பாங்கு கூடிரும், ஒன்னுமில்ல" என்றார். சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

டீக்கடையில் சேக் காத்துக்கொண்டிருந்தான். மதரஸாவில் பக்கத்துப் பலகை. அவனுக்கு நல்ல மனிதன் என்ற பெயர் எப்போதுமே கிடையாது.

"ஏலே ஜமாலு, அந்த வரி வரட்டும், எந்திரிப்போம்னு படுத்தே கெடக்கேன். வந்தாத்தானே. சரி, இன்னைக்கு லீவு போலன்னு திரும்பிப் படுத்துட்டேன். என் பாவமும் உன் தலையில."

"மறதிடா."

"தூங்கிக்கிட்டே பாங்கு சொன்ன மொத ஆளு நீதான்லே."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறதி இல்லை என்று சாயங்காலம்தான் பிடிபட்டது. கடையில் உட்கார்ந்து நான் கேட்கும் பாங்குகளில் அந்த வரி கிடையாது. அது வரும் பாங்கு மட்டும் நான் குறட்டை விடும்போது வருகிறது. காது பழகியதை வாய் சொல்லிவிட்டது. அவ்வளவு நாளாகக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. வரியைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன். ஒளு செய்ததும் அழிந்துவிட்டது. படித்த மட்டுக்குத்தான் புத்தி. ஆனாலும் சொல்லிவிட்டேன், இரண்டு தடவையும். இரண்டாவது தடவை கொஞ்சம் கத்திவிட்டேன் போல. சேக் வீட்டுத் தெருவில் நாய் குரைத்தது.

பிறகு தொழுகை. ஹஜ்ரத் அழகாக ஓதினார். குர்ஆனில் என்ன சூரா என்று கேட்டால் தெரியாது. ஏனென்றால் செல்லப்பாண்டி அண்ணன் ஸ்பிரேயரிலிருந்து கழற்றி வைத்த நாசில் எங்கே போனது என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். தொழுகையின் முதல் ரக்அத்தில் ஞாபகம் வந்துவிட்டது. நீல டப்பா, கிரீஸுக்குப் பின்னால். போய்ப் பார்த்தேன், அங்கேயேதான் இருந்தது.

எது தொலைந்தாலும் எனக்குத் தொழுகையில்தான் கிடைக்கிறது. செல்லப்பாண்டி அண்ணனிடம் சொன்னேன். அவர் ராயப்பன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார்.

"நல்ல சாமி பாய் ஒங்க சாமி. ஸ்பேர் பார்ட்ஸெல்லாம் எடுத்துக் குடுக்குதே" என்றார்.

சிரித்தோம். அவர் போன பிறகு, இப்படி வேறென்னவெல்லாம் செய்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவில் ஹஜ்ரத் பயான் பேசும்போது போனை மடியில் வைத்து விலைப் பட்டியல் பார்த்தது. தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டே எதிர்க் கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நோட்டம் விட்டது. யாசீன் சூரா ஓத உட்கார்ந்து, பாதியில் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் மூடி வைத்தது. இப்படி யோசித்தால் நிறைய வருகிறது. பெரிய பாவம் ஒன்றும் இல்லை. இருந்தால்கூடச் சுருக்கென்று தெரிந்திருக்கும். இது சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைக்கிற மாதிரி. மோட்டார் ஓடும், மீட்டர் சுற்றும், செடிக்கு மட்டும் தண்ணீர் போகாது.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்மாவுக்குப் பின் நாலைந்து பேர் கை கொடுத்தார்கள். "காலையில பாங்கு கேட்டா அப்படியே இனிக்குது பாய்." இனித்தது எனக்குத்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முணுமுணுத்துப் பார்த்தேன், எந்த இடத்தில் நன்றாக இழுத்தேன் என்று. போதுமடா ஜமாலு.

சபுரா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உருவினேன். சந்தேகமாகப் பார்த்தாள்.

"என்ன வேணும்?"

"இப்பல்லாம் என்னைய ஏன் சுபுஹுக்கு எழுப்புறதில்ல?"

"எழுப்பாமயா? 'இந்தா எந்திரிக்கேன்'னு திரும்பிப் படுத்தீக. மறுநா எழுப்புனேன், எரிஞ்சு விழுந்தீக. காலங்காத்தால எதுக்கு மல்லுக்கட்டுன்னு விட்டுட்டேன்."

"எப்ப விட்ட?"

"நோம்புப் பெருநா கழிஞ்சு கொஞ்ச நாள்ல. அதைப் போயி குறிச்சா வச்சிருக்கேன்?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், அல்லாட்ட, துஆவுல. ஒங்கள்ட்ட வேற தனியாக் கேக்கணுமாக்கும்?"

கீரைக் காம்பைத் தட்டில் போட்டுவிட்டேன். "அது காம்பு" என்று எடுத்து எறிந்தாள்.

அவள் எழுப்புவதை நிறுத்தினாள், நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மோதினார் வந்துவிட்டார். தாயாருக்கு எலும்பு முறியவில்லை, வீக்கம்தான். அல்ஹம்துலில்லாஹ். ஒரு பொட்டலம் சேவு கொடுத்தார்.

"ரொம்ப சிரமப்படுத்திட்டேன் பாய். நாளையிலேருந்து நான் பாத்துக்கிறேன்."

"சிரமமா, அதெல்லாம் ஒன்னுமில்ல" என்றேன். உள்ளே மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் கொஞ்சம் பயம்.

அலாரங்களை அழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 10, திங்கள்

விழித்தபோது நல்ல வெயில். அலாரத்தை நானேதான் அணைத்திருக்கிறேன். எப்போது என்று தெரியாது. பாங்கும் கேட்கவில்லை.

நஸ்ரின் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் பார்த்தபடி, "என்ன அத்தா, டியூட்டி முடிஞ்சிருச்சா?" என்றாள். குத்தலாக இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். குத்தலாகக் கேட்டிருந்தால் இரண்டு சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன்.

"நீ தொழுதியா?" என்றேன்.

"நீங்க பாங்கு சொன்ன நாள்லயெல்லாம் தொழுதேன்" என்றாள். பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. செல்லப்பாண்டி அண்ணன் மோட்டாருக்கு ஆயில் சீல் கேட்டார். நேற்றுத்தான் கையில் பார்த்தேன், இன்று காணவில்லை.

"தொழுதுட்டு வாங்க பாய், ஞாபகம் வரும்" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். நாளைக் காலை வருவார். மத்தியான லுஹர் தொழுகையிலும் அஸரிலும் அதைத் தேடினேன். அகப்படவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

விடிவதற்கு முன் கொட்டோ கொட்டென்று மழை. கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை, அலாரமும் இல்லை. எழுப்பியது சுகர். மூன்றாவது தடவை பாத்ரூம். இதை இறைநம்பிக்கை, ஈமான் என்று எழுதினால், நன்மை தீமை எழுதும் வானவர்களான மலக்குமாரே சிரிப்பார்கள்.

திரும்பி வரும்போது உள்ளறையில் வெளிச்சம். சபுரா எமர்ஜென்சி லைட்டைத் தரையில் வைத்து தொழுகை விரிப்பான முஸல்லாவை விரித்துக்கொண்டிருந்தாள். தினமும் இந்த நேரத்தில் இந்த அறையில் இவள் தனியாக நிற்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான். இதை நான் பார்த்ததே இல்லை.

கட்டில் இரண்டு எட்டுத்தான். போர்வையில் என் சூடு இருந்திருக்கும்.

"பாங்கு சொல்லிட்டாகளா?" என்றேன்.

"கரண்ட் இல்லாம எங்கிட்டுக் கேக்கும்? நேரமாயிருச்சு."

மழையில் பள்ளிக்குப் போக முடியாது. பின்பக்கம் போய் ஒளு செய்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றேன், வந்த வீட்டில் யாரும் உட்காரச் சொல்லாத விருந்தாளி மாதிரி. அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். முஸல்லாவைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முன்னால் தொழ வைப்பவருக்கு இடம்.

"நஸ்ரினு, எந்திரி. அத்தா தொழ வைக்கிறாக."

அவள் வரும்வரை நின்றோம். ஒளு செய்துவிட்டு, கொட்டாவியோடு வந்தாள். "பாங்கே கேக்கலையே?" என்றாள். சபுரா "உஷ்" என்றாள்.

தக்பீர் கட்டினேன். தெரிந்த சிறிய சூராக்கள்தான். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அழுகை கிழுகை ஒன்றும் வரவில்லை. கால் சில்லென்று இருந்தது. பின்னால் வளையல் சத்தம்.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகுதான் ஒன்று தோன்றியது. ஆயில் சீல் எங்கே என்று இன்னும் தெரியவில்லை, தொழும்போது அதைத் தேடவும் இல்லை. ஒன்பது மணிக்குச் செல்லப்பாண்டி அண்ணன் வந்துவிடுவார்.